பிறை வெட்டும் சுண்ணாம்புப் பொட்டும்

வத்தல்மலைக்கும் கடத்தூருக்கும் நடுவே காய்த்துத் தொங்குகிற சகல மாங்காய்களுக்கும் சக்கரவர்த்தியும், நான்கு ஏக்கர் தோப்புக்கும் ஒன்றரைக் கிணற்றுக்கும் அதிபதியும் (ஒரு கிணற்றில் தண்ணீர் இல்லை, அதனால் அதை அரை என்றே சொல்லிவருகிறேன்), ஊரில் ஏழு வயதுப் பிள்ளை முதல் எழுபது வயதுக் கிழவன் வரை எல்லோருக்கும் 'மாமா'வும், உனக்கு மட்டும் அப்பனுமாகிய நான் எழுதுகிறேன். நீ பெங்களூருக்குப் பஸ் ஏறிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. உன் மீட்டரை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். "சீசன் முடியற வரைக்கும் நீயே வெச்சிருப்பா, தெனம் நாலு மரம் பாத்து நோட்டுல எழுதி வை" என்றாய். எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்து கிழித்த தாள்கள்தான் இவை. ஆவணியில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் மகளுக்குப் புத்தி சொல்லி எழுத எந்த அப்பனுக்கும் உரிமை உண்டு. என்னிடம் புத்தி எப்போதும் மூட்டை மூட்டையாக இருக்கும். இந்த முறை மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வேறொன்று கிடக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் சுற்றி வளைத்து.

முதலில் மீட்டர். கைக்கு அடக்கமாக, முடி காயவைக்கிற மிஷினின் தம்பி மாதிரி இருக்கிறது. மூக்கைக் காயின் தோளில் அழுத்தி வைத்தால் உள்ளே வெளிச்சம் போகிறதாம், சதைக்குள் உலாவிவிட்டுத் திரும்பி வருகிறதாம், கண் இமைக்கிற நேரத்தில் காய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று ஓர் எண் விழுகிறது. காய் மரத்திலேயே இருக்கிறது. தன்னை ஒருவன் சோதித்துவிட்டுப் போனான் என்பதுகூட அதற்குத் தெரியாது. பதினைந்துக்கு மேல் வந்தால் பறிக்கலாம் என்று நீ சொல்லிக்கொடுத்தாய். நான் என்ன, சொன்னதோடு நிற்கிற ஆளா? மாட்டின் மூக்கில் வைத்தேன், ஆறு புள்ளி இரண்டு. ஆட்டிடம் கொண்டுபோனேன், அது மீட்டரையே மேயப் பார்த்தது. என் வழுக்கையில் வைத்தேன், ஒன்பது புள்ளி நான்கு. உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அறுவது வயசாவுது, இன்னும் பழுக்கலயா நீ?" என்றாள். கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்த உன் மாப்பிள்ளையின் தோளில் அவருக்குத் தெரியாமல் வைத்துப் பார்த்தேன். பதினைந்து புள்ளி ஒன்று. பறிக்கலாம். ஆகவே கல்யாணத்துக்கு என் முழுச் சம்மதம்.

இந்த மீட்டர் வருவதற்கு முன்னால் நான் காய் பார்த்த விதம் உனக்கு ஞாபகம் இருக்கும். என் பேனாக்கத்தியை மடக்கிலிருந்து விரித்தால் காரிமங்கலம் வரைக்கும் மாங்காய்கள் பயத்திலேயே பழுக்கும் என்று நான் சொல்வேன், நீயும் ஆறாவது படிக்கிற வரைக்கும் நம்பினாய். மரத்தில் தொங்குகிற காயின் தோளில் பிறை மாதிரி ஒரு சின்ன வெட்டு. உள்ளே சதை வெள்ளையாக இருந்தால் விட்டுவிடு, வெண்ணெய் நிறம் வந்திருந்தால் ஒரு வாரம், மஞ்சள் ஓடியிருந்தால் நாளைக்கே கூடையைக் கட்டு. மரத்துக்கு நாலு காயாவது வெட்டுவேன். வெட்டியதை மூடி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவேன். வெட்டிய இடத்தில் பால் வடிந்து கருப்பாகும், ஈ உட்காரும், இரண்டு மூன்று நாளில் அங்கிருந்தே அழுகல் ஆரம்பிக்கும். எனக்குப் பின்னாலேயே உன் அம்மா வருவாள், கையில் சுண்ணாம்பு டப்பாவோடு. ஒவ்வொரு பிறையின் மேலும் விரல் நுனியால் ஒரு பொட்டு வைப்பாள். வெயிலில் பார்த்தால் தோப்பு முழுக்க வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு காய்கள் வரிசையாக நிற்கும். "ஏம்மே, மாங்காய்க்கு வெத்தல மடிச்சுக் குடுக்கறயா?" என்று கிண்டல் பண்ணுவேன். "நீங்க பாட்டுக்கு வெட்டிப்புட்டுப் போயிருவீங்க. அதுக்கு எரியுமில்ல, அத யாரு பாக்கறது?" என்பாள். பொட்டு வைத்ததில் பாதி தப்பிக்கும். மீதிப் பாதி தப்பிக்காது. தப்பிக்காத பாதியைப் பற்றி அவள் பேசமாட்டாள்.

இந்தச் சித்திரையில் நீ மீட்டரோடு வந்தாய். வெட்டாமல் பார்க்கிற மிஷின் என்று அத்தையிடமும் பக்கத்துத் தோப்புக்காரர்களிடமும் நான் தமுக்கடிக்காத குறையாகச் சொல்லிவைத்திருந்தேன். நீ பையிலிருந்து மீட்டருக்கு அடுத்தபடியாக எடுத்தது ஒரு நீளக் கத்தி! "வெட்டாமப் பாக்கற மிசினுக்கு எதுக்குக் கண்ணு இவ்ளோ பெரிய கத்தி?" என்றேன். "அதுக்கு இன்னும் நம்ம செந்தூரா மாங்காயத் தெரியாதுப்பா. மொதல்ல அது ஒரு நம்பர் சொல்லும். அந்த நம்பர் சரியான்னு நாம வெட்டிப் பாத்து, காய வெச்சு, எடை போட்டுச் சொல்லிக்குடுக்கணும். நூறு காய் வெட்டுனாத்தான் இதுக்குப் புத்தி வரும்" என்றாய். "பெங்களூரா மாங்காய் படிச்சிருக்குதுன்னியே?" "அது படிச்சது இதுக்கு ஒதவாது. ஒவ்வொரு ஜாதிக்கும் தனித்தனியா வெட்டணும். வெட்டாம இதுக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா." இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள். உன் வாயிலிருந்து வந்ததுதான். நான் அதைத் திருடிப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தின் முடிவில் உன்மேலேயே வீசுவதற்கு.

கிணற்றோரச் செந்தூரா மரத்தடியில் மூன்று நாள் வெட்டினோம். நீ எண்ணைப் படிப்பாய், நான் எழுதுவேன், நீ வெட்டுவாய். மூன்றாவது நாள் உச்சி வெயிலில் துண்டால் முகத்தைத் துடைத்தாய். துண்டு கீழே இறங்கியது. உன் கை மட்டும் இறங்கவில்லை. வலது காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில், இரண்டு விரல் போய் நின்றது. எதையோ மெதுவாக உருட்டிப் பார்த்தது. அந்த இரண்டு விரலை எனக்குத் தெரியும். அதே மரத்தடியில், அதே இடத்தில் வேறொரு கழுத்தில் அவற்றைப் பார்த்திருக்கிறேன். என் கையிலிருந்த பேனா நோட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டது. எழுபத்திரண்டாவது காய்க்குப் பக்கத்தில் இன்னும் அந்தக் கோடு இருக்கிறது. "என்ன கண்ணு அங்க?" "ஒண்ணும் இல்லப்பா. நெறி கட்டியிருக்குது." "எத்தன நாளா?" "பொங்கலுக்கு முன்னருந்து. டாக்டர்கிட்டக் காட்டிட்டேன். ஊசியால குத்தி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னாங்க. கல்யாணம் முடியட்டும்னு விட்டுட்டேன்." நான் எதுவோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "சும்மா இருக்கறதக் குத்துவானேன்? கத்தி பட்ட காய்தானப்பா அழுவுது. நீதான சொல்லுவ."

ஆமாம், நான்தான் சொல்வேன். யாரிடம் முதலில் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது.

நீ பதினொன்றாவது படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்த வருடம். உன் அம்மாவின் கழுத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடலாம், இன்றைக்கே ஆகிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். வெளியே வந்தோம். மாடிப்படியில் நின்று உன் அம்மா கேட்டாள்: "என்னங்க, போட்டுக்கட்டுங்களா?" அவள் அப்போது வழியில் போகிற யாரோ ஓர் ஆளிடம் கேட்டிருக்கலாம். மாம்பழச் சக்கரவர்த்தியிடம் கேட்டுவிட்டாள். நான் ஊசியைப் பற்றி எதுவும் படித்தவன் இல்லை. ஆனால் மாங்காயைப் பற்றி மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். மஞ்சள் பையில் காலையில் தோப்பிலிருந்து எடுத்துப் போட்ட காய் ஒன்று கிடந்தது, பிறை வெட்டோடு, சுண்ணாம்புப் பொட்டோடு, ஓரத்தில் அழுகலோடு. அதை எடுத்துக் காட்டினேன். "பாரு. எங்க அழுவுது? கத்தி பட்ட எடத்துல. படாதது மரத்துல கல்லாட்டம் நிக்குது. சும்மா இருக்கறதக் குத்தி வுட்டா ஒடம்பு பூரா பரவிரும்." படியில் காத்திருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவர், "அண்ணன் சொல்றது கரெக்டுங்க" என்றார். எனக்கு ஒரு கூட்டம் கிடைத்துவிட்டது. கூட்டம் கிடைத்தால் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். இன்னும் நாலு உதாரணம் சொன்னேன். உன் அம்மாவின் முகத்தில் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் கொடுத்தேன் என்று எனக்குப் பெருமை வந்தது.

அன்றைக்கே கொண்டாட்டம். தர்மபுரியிலிருந்து நேராக ஒகேனக்கல் பஸ். பரிசலில் போனோம். சாரல் அடித்து அவள் கழுத்தெல்லாம் நனைந்தது. கரையில் உட்கார்ந்து வறுத்த மீன் சாப்பிட்டோம். "ஊசிக்குப் பயந்துக்கிட்டு மீனு திங்க வந்த மொத ஆளு நானாத்தான் இருப்பன்" என்று சிரித்தாள். பரிசல்காரர்கூடச் சிரித்தார். நானும் அவளும் சேர்ந்து போன கடைசிப் பயணம் அதுதான். திரும்பி வந்ததும் அவள் செய்த வேலை என்ன தெரியுமா? சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, கழுத்துக் கட்டியின் மேல் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். தினமும் வைத்தாள். வீக்கத்துக்குச் சுண்ணாம்பு போடுவது ஊரில் புதிதல்ல. ஆனால் அவள் வைத்த விதம் எனக்குத் தெரியும். விரல் நுனியால் ஒரு தொடு தொட்டு, மாங்காய்க்கு வைப்பதுபோலவே. அந்த சீசன் போய் மறுபடி பூ வந்தது, பூ பிஞ்சானது, பிஞ்சு காயானது. கட்டியும் கூடவே வளர்ந்தது. காய் பறித்து முடிந்த பிறகுதான் அவளைச் சேலத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே அதே ஊசியைப் போட்டார்கள். பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் இத்தன நாள் வுட்டீங்க?" என்று கேட்டார். ஊசி போட்டால் பரவும் என்றேன். அவர் திட்டவில்லை. "ஊசியால பரவலைங்க. நீங்க காத்திருந்த நாள்லதான் பரவியிருக்குது" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

உன் அம்மாவை எடுத்த அன்று, முற்றம் நிறைய ஆள். ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை என்று எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். நான் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன்: "டாக்டருங்களே ஊசி வேணான்னுட்டாங்க. அவங்களுக்கே கண்டுபுடிக்க முடியல." நீ ஓரமாக, ஹாஸ்டல் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாய். நான் சொன்னது உன் காதிலும் விழுந்தது. இத்தனை வருடம் அதை நம்பினாய். வாழ்நாள் முழுக்க நான் விட்ட புளுகுகளை அடுக்கினால் வத்தல்மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும். அவை எல்லாம் காற்றில் போய்விட்டன. இந்த ஒன்று மட்டும் போகவில்லை. தோப்பில் குடியிருக்கிறது.

குடியிருக்கிறது என்று சும்மா சொல்லவில்லை. அடுத்த சித்திரையில் நான் கத்தியை எடுக்கவே இல்லை. ஒரு காயைக்கூட வெட்டவில்லை. ஆனால் கிணற்றோர மரத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் மூன்று காய்களின் தோளில் வெள்ளைப் பொட்டு இருந்தது. விரல் நுனி அளவு. மாவுப்பூச்சி என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். விரலால் துடைத்துப் பார்த்தேன், பூச்சிதான், நசுங்கியது. இருந்தாலும் அந்த மூன்று காய்களையும் நான் பறிக்கவில்லை. வருடா வருடம் வருகிறது. சில வருடம் இரண்டு, சில வருடம் பத்து. பட்டப்பகலில், ஆள் நடமாட்டம் இருக்கும்போதே, அந்த மரத்தடிக்குப் போனால் எனக்குப் பின்னால் டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்கும். திரும்பமாட்டேன். ஊரில் யார் வீட்டுப் பேயையும் எட்டு ஊருக்கு விரட்டிவிடுவதாகச் சவடால் விடுகிற மாமன், தன் தோப்பில் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். "எரியுமில்ல, அத யாரு பாக்கறது?"

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். மீட்டர் பக்கத்தில் கிடந்தது. என் கை சும்மா இருக்கவில்லை. மாட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் வைத்த கைதானே. மெதுவாகக் குனிந்து, உன் காதுக்குக் கீழே, அந்த இடத்தில் வைத்து அமுக்கினேன். வெளிச்சம் உன் தோலுக்குள் போவது தெரிந்தது. நீ கண் திறந்து, "என்னப்பா பண்ற?" என்றாய். "கொசு" என்றேன். "மிசினாலயா அடிப்ப?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாய். எண் வந்திருந்தது. பன்னிரண்டு புள்ளி எட்டு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கிணற்றுமேட்டில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு புள்ளி எட்டு என்றால் நல்லதா, கெட்டதா? காய்க்கு என்றால் இன்னும் பத்து நாள். கழுத்துக்கு என்றால்? அந்த மிஷினுக்குத் தெரியாது. அதற்கு மனிதக் கழுத்தை யாரும் வெட்டிக் கற்றுக்கொடுக்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் மாங்காய். அன்றைக்கு மாடிப்படியில் நின்று பேசினவனுக்கும் தெரிந்ததெல்லாம் மாங்காய்தான்.

இப்போது மடித்து வைத்ததை எடுக்கிறேன், பிடித்துக்கொள்: வெட்டாம இதுக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா. நூறு செந்தூராவை வெட்டித்தான் மிச்சம் ஆயிரத்தை வெட்டாமல் பார்க்க முடிகிறது. நீ சொன்னது, நீ செய்தது. உன் கழுத்தில் வைக்கப்போவது கத்திகூட இல்லை, ஒரு மெல்லிய ஊசி. அது பட்ட இடம் அழுகாது. மாங்காய் மரத்தில் தொங்குகிறது, மருந்து போட ஆளில்லாமல், ஈயும் பாலுமாக. நீ மாங்காய் இல்லை கண்ணு. இந்தச் சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மனைவி செலவானாள். உள்ளே இருப்பது வெறும் நெறிகட்டாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்குமாம், உன் டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அப்படி என்றால் அதைத் தெரிந்துகொண்டு கல்யாணம் பண்ணிக்கொள். வேறு ஏதாவது என்றால் அதையும் தெரிந்துகொண்டு பண்ணிக்கொள், தேதியைத் தள்ளி வைப்பது என் பொறுப்பு, மண்டபக்காரனோடு சண்டை போட எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொல். ஆனால் சொல்வது வேறு, கேட்பது வேறு. உன் அம்மா கேட்டாள். "போட்டுக்கட்டுங்களா" என்று உன் உடம்பைப் பற்றி எந்த ஆம்பிளையிடமும் கேட்காதே, அவன் எந்தப் பழத்துக்குச் சக்கரவர்த்தியாக இருந்தாலும். "போட்டுக்கப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போ. உன் கல்யாணத்துக்கு என்னிடம் இருக்கிற புத்தி இவ்வளவுதான்.

நீ என்னை வெறுத்தால், அது நியாயம். கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாலும் நியாயம். ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து பேசாமல் இரு. அதற்கு மட்டும் நான் கெஞ்சுகிறேன். இந்த ஜில்லாவில் நான் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று கடத்தூரில் உன் பத்திரிகை அடிக்கிற அச்சகத்துக்கு. அன்றைக்கு என் முற்றத்தில் நின்று பொய்யைக் கேட்டவர்கள் எல்லோரும் உன் கல்யாணத்துக்கு வருவார்கள். பத்திரிகையோடு சேர்த்து இதையும் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். ஊரைக் கூட்டிச் சொன்னதை ஊர் அறியத்தான் திருப்பி எடுக்க முடியும். ஆனால் இரண்டாவது பிரதி இப்போது சுண்ணாம்பு டப்பாவின் கீழே இருக்கிறது. நீ போய்விட்டு வந்து, "போட்டுக்கிட்டேன், அச்சுக்குக் குடு" என்று சொல்கிற வரைக்கும் அங்கேயே இருக்கும். நீ சொல்லாவிட்டால் செல்லரிக்கட்டும்.

ஆகவே, உன்னைத் தவிர வேறு யார் கையிலாவது இந்தத் தாள் இருக்கிறதென்றால், பங்காளிகளே, மாமன் மச்சான்களே, அன்றைக்கு என் முற்றத்தில் நின்று தலையாட்டியவர்களே, உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இது உங்கள் கைக்கு வந்திருக்கிறதென்றால் என் மகள் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று அர்த்தம். என்ன வந்தது என்று அவளிடம் கேட்காதீர்கள், வந்ததை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவள் கழுத்தில், வலது காதுக்குக் கீழே, சின்னதாகப் பஞ்சு ஒட்டியிருந்திருக்கும். வெள்ளையாக, விரல் நுனி அளவுக்கு. அதைப் பார்த்து நடுங்க நான் ஒருவன் போதும்.